பத்துப் புலங்கள்

நோல்ஃபா மன்சீயா,
உன் முகம் எனக்குத் தெரியாது.
மூன்று முறை என் மேசைக்கு வந்திருக்கிறாய்
ஃபார்மலின் டப்பாவில், மூடி இறுகி.
இடது. வெளி மேற்பகுதி.
பன்னிரண்டு மணித் திசையில் ஒரு கறுப்புத் தையல்.

புன்டா அரெனாஸில் இன்று காற்று
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான்
ஆஸ்பத்திரிக்குள் வர விட்டது.
ஜன்னல் சட்டம் அதிர்ந்தால் லென்ஸும் அதிர்கிறது.
ஒவ்வொரு வீச்சும் அடங்கும்வரை காத்திருந்து
ஒவ்வொரு புலமாக நகர்கிறேன்.

முதல் முறை உனக்கு முப்பத்து நான்கு வயது.
ஊசி உருவிய மூன்று இழைகள்,
சேமியாவைவிட மெலிவு.
நார்க்கட்டி என்று எழுதினேன்.
மருத்துவர் விங்கா அதை
மொச்சை பிதுக்குவதுபோல் பிதுக்கி எடுத்தார்.
நார்க்கட்டிக்கு அது போதும்.
எடுத்ததையும் என்னிடம்தான் அனுப்பினார்.
தீங்கற்றது என்று எழுதினேன்.
கையெழுத்தில் அவசரம் எதுவும் இல்லை,
இப்போது எடுத்துப் பார்த்தாலும்.

பதினாறு மாதம் கழித்து
அதே தழும்பின் அடியில் உருண்டது.
அப்போதுதான் பார்த்தேன்:
வெற்றுப் பிளவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இலைகள்,
ஓரத்தில் ஊதாக் கரை கட்டி,
நடுவே ஏப்ரல் மாத லெங்கா மரத்தின் சிவப்பு.
இலை என்ற சொல்லிலிருந்துதான்
கிரேக்கத்தில் பெயர் எடுத்தார்கள் இதற்கு.
மரம் எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

இது மூன்றாவது.
பத்துப் புலங்களில்
பிளந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை?
ஒன்று. காலி. காலி. இரண்டு சேர்ந்தாற்போல்.
காற்று.
மறுபடி முதலிலிருந்து.
ஏழு.
நான்கு என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.
பத்து என்றால் வேறு பெயர்.
ஏழு நடுத்தெரு.

வெட்டிய துண்டின் வெளிப்புறம் முழுக்க
கறுப்பு மை பூசியிருந்தேன்.
கட்டிக்கும் மைக்கும் நடுவே
ஒரு விரற்கடையாவது வேண்டும்.
மேலே இருக்கிறது. பக்கவாட்டில் இருக்கிறது.
கீழே, நெஞ்சுத் தசைப் பக்கம்,
ஒரு மயிரிழைகூட இல்லை.
செல்கள் மையிலேயே கால் நனைத்து நிற்கின்றன.

பிறகு நிலவறைக்குப் போனேன்.
யாரும் போகச் சொல்லவில்லை.
ஆறு வருடத்துக்கு முந்தைய பெட்டி, இரண்டாம் கண்ணாடி,
வலது மூலை.
ஒரே ஒரு இலை.
மடங்கி.

விங்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"மருந்துக்கு இது மசியாது, கத்திதான்," என்றார்.
"இந்தத் தடவை முலை முழுதும் போகும்.
அவளுக்கு அந்தக் கண்ணாடியைப் பார்க்கணுமாம்.
அனுப்பட்டுமா?"

வந்தாய்.
நண்டுத் தொழிற்சாலை ரப்பர் பூட்ஸோடு,
விரல் நுனிகளில் உப்பு வெடிப்பு.
முகம் நான் நினைத்ததுபோல் இல்லை.
நினைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"நண்டின் பெயர் வைத்த நோயா இது?"
இல்லை என்றேன். இன்னும் இல்லை.

லென்ஸில் கண் வைத்தாய்.
ஒரு கண்ணை மூடத் தெரியாமல்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டாய்.

"செவுள்," என்றாய்.
"சென்டோயா நண்டின் ஓட்டைத் திறந்தால்
அடுக்கடுக்காய் இப்படித்தான் இருக்கும்.
முதல் நாளே சொல்லித் தருவார்கள்:
ஒன்றைக்கூட விடாதே.
விட்டால் பெட்டி மொத்தமும் திரும்பி வரும்."

முதல் தடவை விட்டது நான், என்றேன்.

நீ கண்ணை எடுக்கவில்லை.
ஜன்னல் சட்டம் இரண்டு முறை அடித்தது.

"எத்தனை எண்ணினீங்க?"
ஏழு.
"நான் இருக்கும்போது
இன்னொரு தடவை எண்ணுங்க."

நாற்காலியை உன் பக்கம் தள்ளினேன்.
நீ உட்காரவில்லை.
முதல் புலம்.